மூன்றாவது கியர்

இந்தச் சமவெளியில் மேடு என்பதே
ஆற்றைத் தாண்டும்போது மட்டும்தான்.
தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப்
பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், ஐந்து பாலம்.
வியாழன்தோறும் ஐந்து முறை பயப்படுகிறேன்.
திரும்பி வரும்போது இன்னொரு ஐந்து.

நாலாவதில் ஓடும்வரை ஒன்றுமில்லை.
வடவாறு. வைக்கோல் லாரிக்குப் பின்னால் வேகம் குறைந்து
மூன்றுக்கு இறக்குகிறேன்.
காலடியிலிருந்து ஓர் இழை கிளம்புகிறது,
கொசுவலைக்குள் மாட்டிய ஒற்றைக் கொசு போல.
பாலம் இறங்கி நாலைப் போட்டதும்
ஒன்றுமே தெரியாத முகத்தோடு ஓடுகிறது வண்டி.

"கேக்குதா?" என்றேன் வாசுகியிடம்.
"என்ன?"
"இப்ப. இந்த உய்ங்."
"ஏசியா இருக்கும்."
ஏசி நின்று எட்டு மாதமாகிறது.

என் பிழைப்பே அந்தக் கேள்விதான்.
காது மெஷின் விற்கிறேன்.
கண்ணாடிக்கடை மாடியில் கதவைச் சாத்தி
ஹெட்போனை மாட்டிவிட்டுப்
பொத்தானை அழுத்தி முகத்தைப் பார்ப்பேன்.
கேக்குதா? இப்ப? இப்ப?
மருமகள் பக்கத்தில் நின்றால்
கேட்காததையும் கேட்டதாகக் கை தூக்குவார்கள்.
இல்லாத சத்தத்துக்குத் தூக்குகிறவர்களும் உண்டு.
நான் எந்த வகை என்று
எனக்கு யார் பொத்தானை அழுத்துவது?

இரண்டாயிரத்துப் பத்து மாடல் ஸ்கார்ப்பியோ.
எனக்கு முன்னால் மூன்று பேர்.
"டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்றான்
விற்ற ஒரத்தநாட்டுக்காரன்.
மீட்டரில் எண்பத்து நாலாயிரம்.
கிளட்ச் பெடலின் ரப்பர் மட்டும்
வழவழவென்று வேறு கணக்குச் சொன்னது.
பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.
உயரமான வண்டியிலிருந்து இறங்கினால்
மெஷினுக்குப் பேரம் பேசமாட்டார்கள் என்று நினைத்தேன்.
பேசுகிறார்கள்.

கரந்தையில் சவரிநாதன் பட்டறை.
ஆயிலை வடித்தார்.
விரலில் தொட்டு வெயிலில் திருப்பினார்.
கறுப்புக்குள் மஞ்சள் மினுக்கம்,
பட்டுச்சேலையின் ஜரிகையை உரசி எடுத்தது போல.
"பித்தளை. சிங்க்ரோ தேயுது.
ஆனா நீங்க சொல்ற சத்தம் அது இல்ல."

பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் சுழல
பையன் மூன்றாவதைப் போட்டான்.
நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கியர்பாக்ஸில் ஊன்றி
பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்
கண்ணை மூடினார் சவரிநாதன்.

அவரிடம் எதையும் மூன்று முறை கத்த வேண்டும்.
சின்ன வயதில் சீழ் வடிந்த காது.
காற்று வழி அடைத்துப்போனது, எலும்பு வழி திறந்திருக்கிறது.
என் படிவத்தில் அதற்குத் தனிக்கோடே உண்டு.

"இருக்கு" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டு
என் தோள் தளர்ந்து இறங்கியதை என்னவென்று சொல்ல.
முப்பத்தைந்தாயிரம் ஆகும் என்பது
டீ குடிக்கும்போதுதான் உறைத்தது.

"கவுண்டர் ஷாஃப்ட் பேரிங். பிரிச்சாத்தான் தெரியும்."
"எவ்வளவு நாள் தாங்கும்?"
"ஆங்?"
"எவ்வளவு நாள்!"
"ஆறு மாசம். ஆறு வருசம் ஓடினதும் பார்த்திருக்கேன்.
மேட்டுல மட்டும் இழுக்காதீங்க."

பிரிக்கச் சொல்லவில்லை.
குறுவைப் பணம் கைக்கு வந்தால்தான்
இந்தப் பக்கம் காதுக்கு முறை வரும்.
காதெல்லாம் முடிந்த பிறகு கியர்பாக்ஸுக்கு.
மெஷின் ஒன்று போட்டுப் பார்க்கிறீர்களா என்று
அவரிடம் எழுதிக் காட்டினேன்.
பட்டறையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.
"இந்த இரைச்சலையா?"

அடுத்த வியாழன், புது ஆயிலோடு
வெண்ணாறு தாண்டினோம். வெட்டாறு.
ஒவ்வொரு பாலத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்,
பில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசுகி.
கண்டியூர் கடந்து, குடமுருட்டி இறங்கியபின்
அவள் என் முழங்கையைத் தொட்டாள்.
"ஆமாங்க. இப்பக் கேக்குது."

நாலாவதில் போய்க்கொண்டிருந்தோம்.